காயம் இல்லை

அத்தியாயம் பதினாறு

காலையில் கதவைத் திறந்த பிரேக்கம்மா சுவரில் நான்கு ஓட்டைகளைப் பார்த்தார்.

நேற்று வரை அந்த ஓட்டைகளின் மேல் ஒரு தகரப் பலகை இருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்று மேலே பெரிதாக. கீழே, '26 ஆண்டுகள். காயம் இல்லை.' வருடம் பிறந்தால் எண்ணை மட்டும் அழித்து எழுதுவது வழக்கம். பெயிண்ட் மேல் பெயிண்டாக ஏறி அந்த இடம் மட்டும் கொசு கடித்த கன்னம் போலத் தடித்துப் போயிருந்தது. 'காயம் இல்லை' என்ற இரண்டு சொற்களை யாரும் தொட்டதில்லை. தொடவேண்டிய அவசியம் வந்ததில்லை.

பலகை இப்போது செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சாய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் டீ கிளாஸோடு மாப்பிள்ளை.

"நான்தான் கழட்டினேன் அத்தை. யாரையும் எழுப்பல. தனி ஆளா ஏணி போட்டு, தனி ஆளா இறக்கிட்டேன்."

மாப்பிள்ளைக்கு நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பதினான்கு வருடமாக ஊரிலுள்ள சட்டமெல்லாம் அவர் கைவழியாகத்தான் போகிறது. இரண்டு பக்கமும் நகல் எடுத்துக் கொடுத்ததில், படிக்காமலேயே பாதி சட்டம் தமக்குள் இறங்கிவிட்டதாக அவருக்கு ஒரு நம்பிக்கை. மீதிப் பாதி இறங்கும் வரை காத்திருக்கும் பொறுமைதான் இல்லை.

விசாரணை நாளில் 'காயம் இல்லை' என்று சுவரில் எழுதி வைத்திருப்பது, சட்டப்படி, விசாரணையில் குறுக்கிடுவதாகும் என்று அவர் விளக்கினார். முடியும் வரை பலகை கீழேயே இருப்பது நல்லது. முடிந்த பிறகும், முடிவைப் பொறுத்து, கீழேயே இருப்பது நல்லது.

பிரேக்கம்மா பலகையை ஒரு கையால் திருப்பிப் பார்த்தார். பெயிண்ட் எங்கும் பெயரவில்லை. மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பாமல், முகம் தெரியும்படி வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

"பதினோரு மணிக்கு நீங்களும் வந்துடுங்க மாப்பிள்ளை. அன்னைக்கு வண்டியில இருந்தவரு நீங்க."

"வரலாம் அத்தை. ஆனா நெருங்கின உறவுக்காரங்க சாட்சி சட்டப்படி செல்லாது. கடையில வேற இன்னைக்குக் கூட்டம்."

அவர் கடையில் கூட்டம் என்றால் அவரையும் சேர்த்து மூன்று பேர்.

*

ஏழு மணி வகுப்பு பல் டாக்டருக்கு. ஐம்பத்து மூன்று வயது. அடுத்தவர் வாய்க்குள் ஊசியோடு போகும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்கும். பதினோரு நாட்களாக வகுப்பு தொடங்கும் முன் ஒரு மன்னிப்பும், முடிந்தபின் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான்; தெரு நலச் சங்கத் தலைவர் சொல்லும்போது மட்டும் அது நீளம். சந்தைக்குப் பின்னால் உள்ள வாகன நிறுத்தத்தின் வெளிவாசலில், பயிற்சி வண்டி நடை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் தலைவரின் பெரிய கார் தடுப்புக் கம்பிக்காக நின்றது. பல் டாக்டர் பிரேக்கை மிதிக்க வேண்டிய நேரத்தில் பிரேக்கைப் பற்றி யோசித்தார். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளருக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கை பிரேக்கம்மா மிதித்தார். அந்தக் காலால்தான் அவருக்கு ஊரில் அந்தப் பெயர். இருந்தும் ஒரு சாண் தூரம் மிச்சமில்லாமல் போனது. வண்டி தொட்டது. தலைவரின் நம்பர் பிளேட்டில் ஒரு திருகு தளர்ந்து, பிளேட் கொஞ்சம் சாய்ந்தது.

பின் இருக்கையில் மாப்பிள்ளை மடியில் பேப்பர் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். கடையில் இறக்கிவிடச் சொல்லி ஏறியவர். தொட்ட சத்தத்தில் கண்ணைத் திறந்து, "வந்துட்டமா?" என்றார்.

தலைவர் இறங்கினார். தெரு நலச் சங்கத்தின் தலைவர் என்பது அவருடைய பட்டங்களில் சின்னது. அவர் கொடுக்கும் முகவரி அட்டையில் பட்டங்கள் முன்பக்கம் கொள்ளாமல், 'பின்பக்கமும் பார்க்கவும்' என்று அச்சடித்திருக்கும். அன்று கால் மணி நேரம், தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டிப் பேசினார். சாலைப் பாதுகாப்பிலிருந்து ஆரம்பித்து நாட்டின் எதிர்காலம் வரை போய், தடுப்புக் கம்பிக்குத் திரும்பி வந்தார்.

மறுநாள் காலை அந்தத் தலை ஆடவில்லை. கழுத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. கூடவே ஒரு டாக்டர் சான்றிதழும், காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மனுவும். கழுத்தை எந்தப் பக்கமும் திருப்ப இயலவில்லை; மூன்று மாதத்துக்கு இயலாது.

பயிற்சி வண்டியால் ஒருவருக்குக் காயம் என்று காப்பீட்டு அறிக்கையில் பதிவானால், உரிமம் கொடுக்கும் அலுவலகம் பயிற்சியாளர் அனுமதியை நிறுத்தி வைக்கும். எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: காயம், உண்டு அல்லது இல்லை. பிரேக்கம்மாவின் இருபத்தாறு வருடமும் இன்று அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

"கவனம் எங்க இருக்கு டாக்டர்? ஸ்டியரிங்க பல்லு மாதிரி பிடுங்காதீங்க. அது வராது."

பல் டாக்டர் பிடியைத் தளர்த்தினார். பிரேக்கம்மா வண்டிக் கூரையை இரண்டு தட்டு தட்டினார். உள்ளே உட்கார்ந்திருந்தாலும் வெளியே நின்றிருந்தாலும் அதே இரண்டு தட்டு. அதற்குப் பொருள், கிளம்பு.

கிளம்புவதற்கு முன் மூன்று காரியம் உண்டு. கண்ணாடி, கை, தோள். கண்ணாடியைப் பார்க்க வேண்டும், கையால் இன்டிகேட்டரைப் போட வேண்டும், பிறகு சாலைப் பக்கத்துத் தோளுக்கு மேலாகத் தலையை முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை எந்த வண்டிக்கும் உண்டு. அந்த மூலையில்தான் சைக்கிள்காரன் வருவான். தோளை அரைகுறையாகப் பார்ப்பவர்களை அவர் விடுவதில்லை. தாடை தோளைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பிரேக். எத்தனை தடவையானாலும் பிரேக்.

பல் டாக்டர் கண்ணாடி பார்த்தார், கையைப் போட்டார், தாடை தோளில் இடிக்கத் திரும்பினார்.

"போலாமா டீச்சர்?"

இதுவும் பாடத்தில் சேர்த்தி. எல்லோரும் கேட்பார்கள். கேட்டு, அவர் "ம்" சொன்ன பிறகுதான் சக்கரம் உருளும்.

"ம்."

பழைய நோட்டுப் புத்தகங்கள் பிரேக்கம்மாவின் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. யார் எப்போது வந்தார்கள், எத்தனை நாள் எடுத்தார்கள், தேர்வில் எத்தனையாவது தடவை தேறினார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. ஊரில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய நோட்டில் தலைவரும் இருக்கிறார். அப்போது அவர் எதற்கும் தலைவராகவில்லை. முப்பத்தெட்டு நாள் எடுத்தார். அதில் இருபது நாள் தோளுக்கே போனது.

தலைவரோ, பன்னிரண்டு வயதில் தந்தையின் காரில் தானாகவே கற்றுக்கொண்டதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மேடையிலும் சொல்லியிருக்கிறார். அவருடைய தந்தையிடம் இருந்தது சைக்கிள் என்பது பிரேக்கம்மாவுக்குத் தெரியும். அதைத் தந்தையே கொண்டுவந்து இந்த வாசலில் நிறுத்தியிருக்கிறார். ஆனால் யார் எத்தனை நாள் எடுத்தார்கள் என்று அவர் வெளியே சொல்வதில்லை. சொந்த மகளிடம்கூட.

*

மகள் பிசியோதெரபி நிலையத்தில் வேலை செய்கிறாள். பிடித்துக்கொண்ட தோள், பிசகிய முழங்கால், வளையாத இடுப்பு என்று நாள் முழுவதும் அடுத்தவர் மூட்டுகளோடுதான் பேச்சு. இன்று அம்மாவுக்காக விடுப்பு எடுத்திருந்தாள். சமையலறையில் நின்றபடியே தட்டில் இருந்ததை விழுங்கிக்கொண்டு, நேற்று பார்த்ததைச் சொன்னாள்.

நேற்று மாலை தலைவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம். விபத்தில் அடிபட்டும் சங்கப் பணியை விடாதவர் என்பதற்காக. பட்டை மாட்டிய பிறகு அவருடைய மதிப்பு இரண்டு மடங்காகியிருந்தது. யாராவது கூப்பிட்டால், பீரோவை நகர்த்துவது போல முழு உடம்பையும் மெல்லத் திருப்பினார். அதைப் பார்ப்பதற்காகவே பின்வரிசையிலிருந்து அடிக்கடி கூப்பிட்டார்கள். பூங்கொத்தைக் குனிந்து வாங்க முடியாது என்று, கொடுக்க வந்தவர்களை நாற்காலி மேல் ஏறிக் கொடுக்கச் சொன்னார்கள்.

"பொய்தானே?" என்றார் பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை. "எனக்கு அப்பவே தெரியும். இந்த மாதிரி ஆளுங்கள சட்டப்படி உள்ள தள்ளணும். ஊர்ல நேர்மையே போச்சு."

மகள் அவ்வளவு அவசரப்படவில்லை. "சின்ன இடியிலயும் கழுத்து பிடிச்சுக்கும்மா. அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, மறுநாள்தான் வலிக்கும். நானே எத்தனை பேரப் பார்த்திருக்கேன். அதனால எடுத்ததும் பொய்னு சொல்லிட முடியாது."

"அப்புறம் என்ன?"

"ஆனா அந்தப் பட்டைய அவர் தலைகீழா மாட்டியிருக்காரு. தாடை உக்கார்றதுக்கு வெட்டின பள்ளம் நெஞ்சப் பார்த்திருக்கு. நிஜமா வலிக்கிற கழுத்து அதை அஞ்சு நிமிஷம் தாங்காது. இவர் பதினோரு நாளா மாட்டிக்கிட்டுக் கூட்டம் நடத்துறாரு."

மாப்பிள்ளை உடனே திட்டம் போட்டார். தலைவர் வீட்டுக்கு எதிர்மாடியில் போய் உட்கார வேண்டும். காலை அவர் பல் தேய்க்கும்போது செல்போனில் படம் பிடிக்க வேண்டும். பல் தேய்க்கும்போது யாரும் கழுத்துப் பட்டை போட மாட்டார்கள்.

பிரேக்கம்மா வேண்டாம் என்றார். ஒளிந்து நின்று பார்ப்பது தன் வேலை இல்லை. தான் செய்த தப்பு ஒன்று உண்டு, ஒரு சாண் தூரம் முன்னாலேயே மிதித்திருக்க வேண்டும், அதை அங்கே போய்ச் சொல்லப் போகிறேன் என்றார்.

"தொட்டோம். அதச் சொல்லுவேன். காயம்னா, அது அவர் கழுத்து, அவர்தான் சொல்லணும்."

"சான்றிதழ் வேற வச்சிருக்காரே அத்தை," என்றார் மாப்பிள்ளை. "அந்த டாக்டர் கையெழுத்துன்னா கையெழுத்துதான். ரொம்பத் தங்கமான மனுஷன். உள்ள போனா ரெண்டே நிமிஷம். தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாரு."

மகள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டதுதான்," என்று சொல்லிவிட்டு, நிறைந்த தண்ணீர்க் குடத்தை ஒரே தூக்காகத் தோளில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை மேல்மாடிக்குப் போனார். படிகளை இரண்டிரண்டாக ஏறினார்.

*

விசாரணைக்கு அதே வாகன நிறுத்தத்துக்கு வந்த காப்பீட்டு அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். யாருக்கும் வணக்கம் சொல்வதற்கு முன் நம்பர் பிளேட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து திருகைப் பார்த்தாள். பிறகு எழுந்து எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கமாகச் சொன்னாள்.

தலைவர் நாற்காலி கொண்டுவரச் சொல்லியிருந்தார். நாற்காலி வந்தது, அதில் உட்கார்ந்து, முகவரி அட்டையை நீட்டினார். அதிகாரி முன்பக்கத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த தலைவர், "பின்பக்கமும் இருக்கு," என்றார்.

தம்முடைய வாக்குமூலத்தைத் தாமே எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதில் 'பயங்கர' என்ற சொல் ஆறு இடத்தில் வந்தது. தொட்ட வண்டி அதில் பாய்ந்தது, சீறியது, மோதித் தள்ளியது. பன்னிரண்டு வயதில் தந்தையின் காரில் கற்றுக்கொண்ட நாள்முதல் ஒரு கீறல்கூட விழாத தமது சாரதி வாழ்க்கையில் இது கரும்புள்ளி என்று முடிந்தது. வாசித்து முடித்தபோது அவருக்கே கண் கலங்கியிருந்தது. துடைக்கக் குனிய முடியாமல், கைக்குட்டையை மேலே கொண்டுபோனார்.

பல் டாக்டர் தன் பங்குக்கு மூன்று மன்னிப்புக் கேட்டார். அதிகாரி ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டாள்.

பிரேக்கம்மாவின் முறை வந்தது.

"நடை வேகம். அவர் வண்டி நின்னதைப் பார்த்தேன். மிதிச்சேன். ஒரு நொடி பிந்திட்டேன். தொட்டுடுச்சு. அந்த நொடி என் கணக்குதான். டாக்டர் கணக்கு இல்ல."

அதிகாரி எழுதாமல் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். மகளுக்கு அம்மாவின் கையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. இப்படியா தப்பை ஒப்புக்கொள்வார்கள்? பிரேக்கம்மா நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்றார்.

மகள் பட்டையைப் பற்றிச் சொன்னாள். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டாள். ஆனால் தலைகீழாக மாட்டியதற்காகச் சான்றிதழைத் தள்ள முடியாது என்றாள். சட்டையைக்கூடச் சிலர் பின்முன்னாகப் போடுகிறார்கள். தலைவர் இதைக் கேட்டுப் பெருந்தன்மையாகச் சிரித்தார். கழுத்துக்கு மேலே மட்டும்.

கட்டம் இன்னும் காலியாக இருந்தது. பென்சில் அதற்குப் பக்கத்திலேயே நின்றது.

அடுத்து இரண்டு வண்டியையும் அன்று நின்ற இடத்திலேயே நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றாள். தலைவரின் கார் ஓரமாக, ஒரு வண்டி நீளம் பின்னால் நின்றது. ஓட்டி வந்த அவருடைய மைத்துனர் போன் பேசிக்கொண்டே எங்கோ போயிருந்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பன்னிரண்டரைக்கு வேறொரு இடத்தில் ஓர் இடுப்பு விசாரணை இருந்தது.

"நான் வேணா நகர்த்தித் தரட்டுமா?" என்றார் பிரேக்கம்மா.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"வேண்டாம். இவங்க கை இனி என் வண்டியில படக்கூடாது. ஒரு வண்டி நீளம்தானே? நேரா முன்னால போறதுக்குக் கழுத்து எதுக்கு? பன்னிரண்டு வயசுல பழகின கைம்மா இது."

உடம்பை மடிக்காமல், ஒரு தூணை உள்ளே வைப்பது போலத் தம்மை ஓட்டுநர் இருக்கையில் வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். அதிகாரி படமெடுக்க முன்னால் போய் நின்றாள். பிரேக்கம்மாவை, அன்று இறங்கி நின்ற பக்கத்திலேயே நிற்கச் சொன்னாள். அது தலைவரின் காரின் ஜன்னலோரம். கூரை கைக்கெட்டும் தூரம்.

என்ஜின் உறுமியது. ஒரு கார் கிளம்பத் தயாராக இருக்கிறது. பக்கத்தில் பிரேக்கம்மா நிற்கிறார். இருபத்தாறு வருடமாக இந்த இரண்டும் சேர்ந்தால் அடுத்து நடப்பது ஒன்றுதான். அவர் எதையும் நினைக்கவில்லை. கை தானாக எழுந்து கூரையில் இரண்டு தட்டு தட்டியது.

தலைவர் கண்ணாடியைப் பார்த்தார்.

கை இன்டிகேட்டரைப் போட்டது.

பிறகு தலை திரும்பியது. பாதியில் நிற்கவில்லை. சாலைப் பக்கத்துத் தோளுக்கு மேலாக முழுவதும் போனது. பட்டையின் ஒட்டு 'பர்ர்ர்' என்று பிய்ந்தது. தாடை போய்த் தோளில் உட்கார்ந்தது. கண்ணாடியில் தெரியாத அந்த மூலையைத் தலைவர் நன்றாகப் பார்த்தார். சைக்கிள் யாரும் வரவில்லை. திருப்தியாகத் தலையைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் வழியே பணிவாகக் கேட்டார்:

"போலாமா டீச்சர்?"

பட்டை மடியில் விழுந்து கிடந்தது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நானும் இப்படித்தான் கேப்பேன்," என்றார் பல் டாக்டர், யாரிடமும் இல்லாமல்.

தலைவரின் முகத்தில் ஒவ்வொரு பட்டமாக இறங்கிப் போயிற்று. முன்பக்கம் முடிந்து, பின்பக்கமும் முடிந்தது. மிஞ்சியது பத்தொன்பது வருடத்துக்கு முன் பயிற்சிப் பள்ளி வாசலுக்குச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு மனிதர்.

அதிகாரி பென்சிலைக் காதருகே கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டாள். "ஐயா, சிரமம் இல்லேன்னா இன்னொரு தடவை திரும்ப முடியுமா? படத்துல பாதிதான் விழுந்திருக்கு."

"முடியாது. இப்பதான் வலிக்க ஆரம்பிச்சிருக்கு."

"அப்ப இது புது வலி. இந்தக் கோப்புல வராது."

அவள் கட்டத்தைப் பார்த்தாள். பிரேக்கம்மா கட்டத்தைப் பார்க்கவில்லை. அவர் ஜன்னலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்தும், பொய்க்கு நடுவிலும், அந்தக் கழுத்து தன் பாடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பாராட்டுக் கூட்ட மேடைகளில் பிரேக்கம்மா ஏறியதில்லை. ஏறியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

"இருபது நாள் எடுத்தோம் இதுக்கு," என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. "தோள் நல்லாப் பார்த்தீங்க தலைவரே. முழு மார்க். இப்பப் போலாம்."

தலைவர் போகவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, பட்டையை எடுத்து மடித்தார். மனுவைத் திரும்பப் பெற ஒரு தாள் வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அதிகாரியிடம் அது தயாராகவே இருந்தது, அடிக்கடி தேவைப்படுமாம். கையெழுத்துப் போடும்போது பட்டங்களை எழுதவில்லை.

பென்சில் கட்டத்தில் இறங்கியது. மகள் எட்டிப் பார்த்தாள். மூன்றே எழுத்து சேர்ந்து அம்மாவின் பலகைச் சொல்லாகிக்கொண்டிருந்தது. இல்லை.

*

கிளம்பும்போது அதிகாரி பிரேக்கம்மாவைத் தனியே கூப்பிட்டு, ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தாள்.

"இதே விபத்துல இன்னொரு மனு வந்திருக்கும்மா. நேத்துதான் வந்துச்சு. வண்டிக்காரங்களுக்கு நகல் கொடுக்கணும்னு விதி. நாளன்னைக்கு அதுக்கு வர்றேன்." கொஞ்சம் தயங்கினாள். "அதே டாக்டர் சான்றிதழ்தான். அது முடியிற வரைக்கும் அறிக்கையை அனுப்ப முடியாது."

தலைவரின் மைத்துனராக இருக்கும் என்று வழியெல்லாம் மகள் சொல்லிக்கொண்டு வந்தாள். அன்று அவர் வண்டியிலேயே இல்லை, ஆனால் அதெல்லாம் ஒரு தடையா? பிரித்துப் பார்க்கலாம் என்றாள். வண்டி ஓடும்போது காகிதம் பிரிக்கக் கூடாது என்றார் பிரேக்கம்மா. பக்கத்தில் இருப்பவர் படித்தால் ஓட்டுகிறவர் கண்ணும் அங்கே போகும்.

அதனால் வேறு பேசினார்கள். தலைவரும் அம்மாவின் மாணவர் என்பதை மகளால் இன்னும் நம்ப முடியவில்லை.

"எத்தனை நாள்மா எடுத்தாரு?"

"நல்லாக் கத்துக்கிட்டாரு."

"எத்தனையாவது தடவைல தேறினாரு?"

"தேறினாரு. அதான் இன்னைக்குப் பார்த்தியே."

மகள் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேரின் தோல்வியைப் பூட்டி வைத்திருக்கும் அலமாரி இது. சாவி யாரிடமும் கிடையாது. இவருடைய மகள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இதுவரை தனியாக ஒரு காரணம் தேவைப்பட்டதில்லை. இன்று கிடைத்தது.

செய்தி அவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. வாசலில் ஏணி. ஏணியின் உச்சியில் மாப்பிள்ளை. பலகையை ஒரு தோளில் தாங்கி, வாயில் மூன்று ஆணியைக் கடித்துக்கொண்டு, நான்காவதை அடித்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"ஜெயிச்சிட்டீங்களாமே அத்தை. எனக்குத் தெரியும். பொய் சட்டப்படி நிக்காது. அதான் கடையச் சாத்திட்டு ஓடி வந்தேன். தனி ஆளா மாட்டிட்டேன் பாருங்க."

பலகை நேராக இருந்தது. 26 ஆண்டுகள். காயம் இல்லை. வெயில் அந்தத் தடித்த எண்ணின் மேல் பட்டு மின்னியது.

வண்டி நின்றுவிட்டது, என்ஜினும் அணைந்துவிட்டது. இனிக் காகிதம் பிரிக்கலாம். பிரேக்கம்மா உறையைக் கிழித்தார். மகள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

மனுதாரர் பயிற்சி வண்டியின் பின் இருக்கையில் விழிப்புடன் பயணம் செய்துகொண்டிருந்தார். மோதலின் வேகத்தில் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். இடுப்பில் கடுமையான பாதிப்பு. குனியவோ, நிமிரவோ, எடை தூக்கவோ, படி ஏறவோ இயலாத நிலை.

எழுத்து அழகாக இருந்தது. நகல் மிகத் தெளிவாக இருந்தது. இரண்டு பக்கமும் எடுக்கப்பட்டிருந்தது.

மகள் கடைசி வரியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். அதே கையெழுத்துத்தான் அவளுடைய கல்யாணப் பதிவுப் புத்தகத்திலும் இருக்கிறது. நேராக நடந்து போய், ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஆடாமல் பிடித்துக்கொள்ளவா, ஆட்டவா என்று அவளுக்கே இன்னும் முடிவாகவில்லை.

பிரேக்கம்மா காகிதத்தை நான்காக மடித்தார். பலகையை ஒரு தடவை பார்த்தார். அண்ணாந்து, வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னார்:

"ஆணிய மெதுவா அடிங்க மாப்பிள்ளை. இடுப்பு வலிக்கப் போகுது."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.